மாலை போட்டவரின் மூளை

கார்த்திகை பிறந்துவிட்டால் கடலூரில் பல வீடுகளுக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் குடித்த கணவரோ மகனோ சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்வார். அன்றிலிருந்து விரதம் முடியும்வரை ஒரு சொட்டும் தொடமாட்டார். விடியலில் தண்ணீரை ஊற்றிக் குளிப்பார், வெறுந்தரையில் படுப்பார், பிள்ளைகளிடம் எரிந்து விழாமல் பேசுவார், மனைவிகூட அவரைச் 'சாமி' என்றே அழைப்பார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அன்றோ மறுநாளோ பழைய கதை மீண்டும் தொடங்கிவிடும். அப்போது எழுகிற கேள்வி எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய ஒன்றேதான்: "மாலை போட்டா மட்டும் இருக்க முடியுதுல்ல? அப்ப இத்தன நாளும் வேணும்னேதான குடிச்ச?"

கேட்பவர் பக்கம் நியாயம் இருக்கிறது. காசநோய்க்காரர் மாலை போட்டுக்கொண்டால் இருமல் நின்றுவிடுவதில்லை. குடி ஒரு நோய் என்றால், விரத நாட்களில் அந்த நோய் எங்கே போயிற்று என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் அதிலிருந்து 'இது நோயே இல்லை, வெறும் திமிர்' என்று உறவினர்கள் கட்டும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. போதை அடிமைத்தனத்தைப் பற்றிக் கடந்த எழுபது ஆண்டுகளில் மூளை அறிவியல் கண்டறிந்தவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மாலை போட்ட நாட்களின் அமைதியும் கழற்றிய நாளின் வீழ்ச்சியும் ஒரே இயக்கத்திலிருந்து வருபவை என்பது தெரியும். மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் நடத்துகிறவள் என்ற முறையிலும், என் சித்தப்பாவை இருபது ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்தவள் என்ற முறையிலும் அதை இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

சித்தப்பா கொத்தனார். கடலூரிலிருந்து அரியாங்குப்பம், புதுச்சேரி பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டு மாலையில் பேருந்தில் திரும்புவார். அந்தச் சாலையை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோவில், அதன்பின் முள்ளோடை எல்லை. எல்லையைத் தாண்டினால் ரெட்டிச்சாவடி, பிறகு தென்பெண்ணைப் பாலம், ஆல்பேட்டை. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் மட்டுமே இருக்கிறது. புதுச்சேரியில் உரிமம் பெற்ற தனியார் கடைகள், சாராயக்கடைகள், கள்ளுக்கடைகள் எல்லாம் உண்டு, விலையும் குறைவு. ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கம் கடைகள் நெருக்கமாக நிற்கின்றன. நிதானமாக இருந்த ஒரு நாளில் சித்தப்பா என்னிடம் சொன்னார்: "கிருமாம்பாக்கம் தாண்டுனாலே வாயில எச்சி ஊறும்மா. கன்னியக்கோவில் வந்ததும் கால் தானா எழுந்துக்கும். எறங்கணும்னு நான் நெனைக்கிறதே இல்ல." ஆராய்ச்சிக் கட்டுரைகள் பலவற்றை வாசித்த பிறகும் இதைவிடத் துல்லியமான வருணனை எனக்குக் கிடைக்கவில்லை.

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளின் நடுமூளையில் டோபமைன் என்ற வேதித்தூதுப் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களின் மின் துடிப்புகளைப் பதிவு செய்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அந்த அணுக்கள் பலமாகத் துடித்தன. சாறு வருவதற்குச் சற்று முன் ஒவ்வொரு முறையும் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கியபின், துடிப்பு சாற்றை விட்டு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது தனித்த துடிப்பு ஏதும் இல்லை. விளக்கு எரிந்து சாறு வராவிட்டாலோ, வர வேண்டிய நொடியில் அணுக்களின் வழக்கமான துடிப்பும் அடங்கிப் போனது. 1997இல் பீட்டர் டயான், ரீட் மான்டேகு ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை, டோபமைன் இன்பத்தின் அளவைக் காட்டுவதில்லை, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வேறுபாட்டையே அறிவிக்கிறது என்ற விளக்கத்தை நிலைநாட்டியது. கிருமாம்பாக்கத்தில் ஊறிய எச்சில் அந்த விளக்கின் வேலை. பழச்சாறு போன்ற இயல்பான பரிசு பழகிப்போனால் வியப்பு தீர்ந்து துடிப்பு அடங்குகிறது. போதைப்பொருளோ வேதியியல் வழியாகவே டோபமைனை ஏற்றிவிடுவதால், ஆயிரமாவது முறையிலும் 'எதிர்பார்த்ததைவிட மேலானது வந்தது' என்ற பொய்ச் செய்தி மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கிறது என்றும், கற்றல் முடிவடையாமல் தொடர்கிறது என்றும் பலர் கருதுகிறார்கள். எனக்கு இது மிகவும் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

இடமும் குறிப்புகளும் உடலையே அசைக்கும் என்பது ஷுல்ட்ஸுக்கு முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரில் போதை அடிமைகளுக்காக 1935இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவமனையில் பணியாற்றிய ஏப்ரஹாம் விக்லர், பல மாதங்களாகப் போதையைத் தொடாத நோயாளிகள்கூட, பேச்சு ஹெராயின் பக்கம் திரும்பியதும் கொட்டாவி விட்டு, மூக்கு ஒழுகி, கண்ணில் நீர் வரத் தவிப்பதைக் கண்டார். போதை நின்ற முதல் வாரத்தில் வரும் அதே உபாதைகள், உடலில் மருந்தின் சுவடே இல்லாத காலத்தில், வெறும் பேச்சால் திரும்பின. 2008இல் அன்னா ரோஸ் சில்ட்ரெஸ் குழுவினர் கொக்கேன் நோயாளிகளுக்கு அப்பொருள் தொடர்பான படங்களை வெறும் 33 மில்லி நொடி காட்டி உடனே வேறு படத்தால் மறைத்தபோது, படத்தைப் பார்த்ததையே அவர்கள் அறியாத நிலையிலும் மூளையின் உணர்ச்சிப் பகுதிகள் விழித்துக்கொண்டன. "ஏன்டா அங்க போன?" என்று அம்மா கேட்கும்போது மகன் தலைகுனிந்து "தெரியலம்மா" என்பது பெரும்பாலும் பொய்யென்றே எடுத்துக்கொள்ளப்படுகிறது. பல நேரங்களில் அது உண்மையாகவே இருக்கக்கூடும்.

இதில் குடும்பங்களுக்குப் புரியாத இன்னொன்று உண்டு. குடிப்பவர் அதை ரசித்துக் குடிக்கிறார் என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ், டெரி ராபின்சன் இருவரும் 1993இல் முன்வைத்த கோட்பாடு இந்த எண்ணத்தை அடியோடு மாற்றியது. மூளையில் டோபமைனை ஏறக்குறைய முழுவதுமாக அழித்த எலிகள் உணவைத் தேடிப் போகவில்லை. ஆனால் நாவில் இனிப்பைத் தடவினால் மற்ற எலிகளைப் போலவே சுவைத்து நக்கின. அப்படியானால் விரும்பி நாடுவது வேறு, அனுபவித்து மகிழ்வது வேறு. இரண்டுக்கும் மூளையில் தனித்தனி வழிகள் உண்டு. போதை முற்ற முற்ற நாட்டம் மட்டும் கூர்மையடைகிறது, மகிழ்ச்சி அப்படியே நிற்கிறது அல்லது தேய்கிறது. "புடிச்சாம்மா குடிக்கிறேன்? கசக்குது. ஆனா வேணுமே" என்று சித்தப்பா ஒருமுறை அழுதது எனக்கு இந்த எலிகளைப் பற்றிப் படித்த பிறகுதான் முழுமையாக விளங்கியது.

மகிழ்ச்சி தேய்வதோடு அது நிற்பதில்லை. நரம்பணுக்களில் வேதிச் செய்திகளை வாங்கிக்கொள்ளும் பகுதிகளுக்கு ஏற்பிகள் என்று பெயர். மது, நரம்புகளை அடக்கும் காபா ஏற்பிகளின் வேலையைக் கூட்டி, தூண்டும் குளூட்டமேட் ஏற்பிகளின் வேலையைக் குறைக்கிறது; நாள்தோறும் இப்படி அழுத்தப்படும் மூளை, சமநிலைக்காக அடக்கும் பக்கத்தைத் தளர்த்தித் தூண்டும் பக்கத்தைப் பெருக்கிக்கொள்கிறது. மது நின்றதும் அந்தத் தூண்டல் தடையின்றி வெளிப்படுகிறது. கூடவே அச்சத்தையும் பதற்றத்தையும் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதியைச் சுற்றியுள்ள இடங்களில் மனஅழுத்த வேதிப்பொருள்கள் பெருகி, எதிலும் மனம் ஒட்டாத ஒரு கசப்பைக் குடியேற்றுகின்றன. இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜார்ஜ் கூப், தொடக்கத்தில் இன்பத்துக்காக நாடியவர் பின்னர் அந்தத் துன்பத்திலிருந்து தப்பவே நாடுகிறார் என்று காட்டியிருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு மாற்றமும் நடக்கிறது. கேம்பிரிட்ஜில் பேரி எவரிட், ட்ரெவர் ராபின்ஸ் ஆகியோரின் ஆய்வுகள், போதையைத் தேடும் செயல் நாளடைவில் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் கீழ்ப்புறத்திலிருந்து மேல்புறத்துக்குக் கைமாறுவதைக் காட்டின. கீழ்ப்புறம் பலனை எடைபோட்டுச் செயல்படுவது. மேல்புறம் பழக்கங்களை நடத்துவது. 2004இல் லூக் வான்டர்ஷுரனும் எவரிட்டும் கொக்கேனுக்குச் சில நாட்களே பழகிய எலிகளையும் நெடுநாள் பழகிய எலிகளையும் ஒப்பிட்டார்கள். மின்னதிர்ச்சி வரும் என்று எச்சரிக்கும் ஒலி கேட்டதும் முதல் வகை எலிகள் தேடுவதை நிறுத்தின. இரண்டாம் வகை எலிகள் நிறுத்தவில்லை. அதே ஆண்டு பிரான்சின் போர்டோ நகரத்தில் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாதம் கொக்கேன் எடுத்துக்கொண்ட எலிகளில் 17 விழுக்காடு மட்டுமே தண்டனையையும் மீறித் தேடுதல் உள்ளிட்ட, அடிமைத்தனத்தின் மூன்று அடையாளங்களையும் காட்டின. ஒரே மேஸ்திரியின் கீழ் வேலை செய்து, ஒரே கடையில் குடிக்கும் ஐந்து பேரில் நால்வர் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவைத்துவிட்டுக் குடிக்க, ஒருவர் மட்டும் மனைவியின் தாலிவரை போய்விடுவது ஏன் என்று யோசிப்பவர்கள் இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். பரம்பரையும் இளவயது அனுபவங்களும் அந்த ஒருவரை முன்கூட்டியே பலவீனமாக்கியிருக்கின்றன. அவருடைய குணத்தைக் குறைசொல்லி இதை விளக்கிவிட முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் கார்த்திகைக் கேள்வி அப்படியே நிற்கிறது. பழக்கம் இவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், கறுப்பு வேட்டி கட்டிய சித்தப்பா அதே பேருந்தில், அதே கன்னியக்கோவிலை எப்படிச் சலனமின்றிக் கடந்தார்?

இதற்கு மிக நெருக்கமான பதில் எனக்கு இஸ்ரேலிலிருந்து கிடைத்தது. டெல் அவீவ் பல்கலைக்கழகத்தின் ரூவென் டார், சமயப் பற்றுள்ள யூதர்களில் புகைபிடிப்பவர்களை ஆராய்ந்தார். ஓய்வு நாளான சனிக்கிழமையில் நெருப்பு மூட்டுவது அவர்களுக்கு விலக்கப்பட்டது என்பதால் அன்று முழுவதும் புகைக்க மாட்டார்கள். மற்ற நாட்களில் சில மணி நேரம் தாங்க முடியாதவர்கள், அந்த நாளில் பெரிய ஏக்கமின்றி இருந்ததாகச் சொன்னார்கள். 2010இல் அவர் குழு விமானப் பணிப்பெண்களையும் பணியாளர்களையும் ஆராய்ந்தபோது, குறுகிய பயணத்தின் முடிவில் எழுந்த புகை ஏக்கம், நெடும் பயணத்தின் நடுவில் இருந்ததைவிட அதிகமாக இருந்தது. கடைசியாகப் புகைத்து எவ்வளவு நேரமாயிற்று என்பதைவிட, தரையிறங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே ஏக்கத்தைத் தீர்மானித்தது. 'கிடைக்கும்' என்று மூளை கணக்கிடும்போது நாட்டம் எரிகிறது. 'கிடைக்கவே கிடைக்காது' என்ற உறுதி இருந்தால் தணிகிறது. ஷுல்ட்ஸின் ஆய்வகத்திலும் இதற்கு இணையான ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார்கள்: பரிசை அறிவிக்கும் குறியோடு, 'இம்முறை பரிசு இல்லை' என்று உணர்த்தும் இன்னொரு குறியைச் சேர்த்துக் காட்டிப் பழக்கினால், அந்த இரண்டாம் குறியைக் கண்டதும் டோபமைன் அணுக்கள் அடங்குகின்றன.

கழுத்தில் இருக்கும் துளசிமணி மாலை அந்த இரண்டாம் குறி. மாலை போட்டவருக்குக் கடைக்காரரே ஊற்றமாட்டார், கூட்டாளிகள் கூப்பிடமாட்டார்கள், தெருவே அவரைச் சாமி என்று அழைக்கும். கதவு சாத்தப்பட்டது என்பதை ஊர் முழுவதும் சேர்ந்து மூளைக்கு அறிவிக்கிறது. கூடவே குருசாமியின் வீட்டுப் பஜனை, அன்னதானம், ஒன்றாகக் கிளம்பும் குழு ஆகியவை வருகின்றன. 2018இல் மார்க்கோ வெனிரோவும் யாவின் ஷஹாமும் எலிகளுக்கு ஹெராயின் அல்லது மெத்தம்ஃபெட்டமைன் ஒரு பக்கமும், இன்னொரு எலியின் துணை மறுபக்கமும் தேர்வாக வைத்தபோது, அவை ஏறத்தாழ எப்போதும் துணையையே தேர்ந்தெடுத்தன. விரதத்தின் வலிமையில் பக்திக்கு எவ்வளவு பங்கு, துணைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை அந்தத் துணையை வழங்கிவிட்டு, மகரவிளக்கு முடிந்ததும் அவரைத் தனியே விட்டுவிடுகிறோம் என்பது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஏனென்றால் அந்த நாட்களில் உள்ளே வேறொன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. 2001இல் ஜெஃப்ரி கிரிம்மும் உடன் ஆய்வாளர்களும், கொக்கேன் நிறுத்தப்பட்ட எலிகள் அதன் குறிகளைக் கண்டு தேடும் வேகம் நாளாக ஆகக் குறையும் என்ற பொது எண்ணத்துக்கு மாறாக, 60 நாள்வரை கூடிக்கொண்டே போனதைக் கண்டார்கள். பின்னர் ஹெராயின், நிகோட்டின், மது ஆகியவற்றிலும் எலிகளில் இதே போக்கு தெரிந்தது. எலியிலிருந்து மனிதருக்கு நாட்கணக்கை அப்படியே மாற்றிப் போட முடியாதுதான். இருந்தாலும் ஒரு மண்டலம் கழித்து மாலையைக் கழற்றுகிறவர், பழைய குறிகளுக்கு முன்னைவிடக் கூர்மையாக எதிர்வினை காட்டக்கூடிய நிலையில், 'கிடைக்காது' என்ற அறிவிப்பும் இல்லாமல், அதே கன்னியக்கோவிலுக்கு அனுப்பப்படுகிறார். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி 1971இல் நாடு திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தபோது, முதல் ஆண்டில் சுமார் 5 விழுக்காட்டினரே மீண்டும் அடிமையானார்கள். அவர்கள் போதையைப் பழகிய இடம் கடலுக்கு அப்பால் போய்விட்டது. கொத்தனாருக்கு அந்த வசதி இல்லை. வேலையும் கூலியும் அதே சாலையில்தான் இருக்கின்றன.

மாலை சார்ந்து இரண்டு ஆபத்துகளை அழுத்திச் சொல்ல வேண்டும். நாள்தோறும் காலையிலேயே குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், மருத்துவரைப் பார்க்காமல் திடீரென்று மாலை போட்டு நிறுத்தக் கூடாது. மேலே சொன்ன தடையற்ற தூண்டல்தான் காரணம்: கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாளுக்குள் வியர்த்து, நடுங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலை வரலாம். இதைச் 'சாமி குத்தம்' என்றும் 'விரதம் தப்பிடுச்சு' என்றும் சொல்லி வேப்பிலை அடித்துக்கொண்டு வீட்டில் வைத்திருப்பதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது. மருத்துவமனையில் டயசிபாம் வகை மருந்துகளாலும், தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து ஊசியாலும் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிட முடிகிறது. விரதத்தின் முதல் வாரத்தை மருத்துவர் மேற்பார்வையில் கழிப்பதால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது. இரண்டாவது, விரதத்துக்குப் பின் உடலின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவை ஒரே மூச்சில் குடிப்பது முன்பைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் 'அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுத்துக் குடியை மறக்கச் செய்யலாம்' என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. டைசல்ஃபிரம் என்ற மருந்து, மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடை மேலும் உடையவிடாமல் தடுப்பது. அதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில நேரம் இறந்தும் போகலாம். தெரிந்தே, சம்மதித்து, வீட்டார் முன்னிலையில் எடுத்துக்கொள்பவருக்கு அது உதவும். அறியாதவர் சோற்றில் அதைக் கலப்பது நஞ்சு வைப்பதற்கு ஒப்பாகும்.

நேர்வழியில் கிடைக்கும் மருந்துகள் வேறு. மது, ஓபியாய்டுகள் எனப்படும், அபின் போல வேலை செய்யும் மூளையின் சொந்த வேதிப்பொருள்களைச் சுரக்கச் செய்தே டோபமைனை ஏற்றுவதால், அந்த ஓபியாய்டு ஏற்பிகளை மறைக்கும் நால்ட்ரெக்சோன் குடியின் கவர்ச்சியைக் குறைக்கிறது. அமெரிக்காவில் 1994 முதல் மதுவுக்கான சிகிச்சையில் இது அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. ஓபியாய்டு வலிநிவாரணி எடுப்பவர்களுக்கும் கல்லீரல் மிகவும் பழுதானவர்களுக்கும் இது ஆகாது. ஆகவே மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். சித்தப்பாவுக்கு ஓர் அரசு மருத்துவர் இதைத் தொடங்கியது மாலை கழுத்தில் இருந்தபோதே. அதுதான் சரியான தருணம் என்று அவர் விளக்கினார்: உடல் தெளிந்திருக்கிறது, மனம் ஒத்துழைக்கிறது, குடும்பமும் உடன் இருக்கிறது. கூடவே அவர் சொன்ன ஏற்பாடுகள் மிக எளியவை. சனிக்கிழமைக் கூலியை மேஸ்திரி சித்தியின் கையில் கொடுக்க வேண்டும். மாலை நேரத்தில் தனியாகப் பேருந்து ஏறக் கூடாது. எல்லையில் நின்று போகாத வண்டியில்தான் ஏற வேண்டும். மாலை கழற்றிய பிறகும் வெள்ளிக்கிழமைப் பஜனைக்குப் போவதை விடக் கூடாது. இடையில் இருமுறை சறுக்கினார். இரண்டு முறையும் சித்தி அவரைத் திட்டவில்லை, அடுத்த நாளே மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நீண்ட நாள் பதிந்த ஒன்று இடையில் தலைதூக்கும் என்று அவளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

இந்த ஆண்டு உங்கள் வீட்டில் யாரேனும் மாலை போட்டிருந்தால், இருமுடி கட்டுவதற்கு முன்பாகவே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு முறை பேசிவிடுங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலிமானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே, எந்த நேரத்திலும் கிடைக்கிறது. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை, மனைவியோ மகளோ பேசலாம்.